ஒற்றைக் காலில் நின்றவர்: சதஹாரு ஓ பற்றிக் கேள்வி பதில்

தொழில்முறை பேஸ்பால் லீக்கில் அதிக ஹோம் ரன் அடித்தவர் அமெரிக்கர் அல்லர், ஜப்பானில் ஆடி 868 அடித்த சதஹாரு ஓ என்று போகிற போக்கில் சொல்லிவிட்டேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. தெரிந்தவரை சொல்கிறேன்.

ஹோம் ரன் என்பது நம் சிக்ஸர்தானே? 868 என்ன பெரிய எண்ணிக்கை?

பந்து வேலியைத் தாண்டுவதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கிரிக்கெட்டில் நிலைத்துவிட்டால் நாள் முழுக்க ஆடலாம். பேஸ்பாலில் ஒருவர் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறைதான் மட்டையோடு வந்து நிற்பார். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால், அதாவது மூன்று முறை பந்தைத் தவறவிட்டால், வெளியே போக வேண்டியதுதான். அந்தச் சொற்ப வாய்ப்பில், 1959 முதல் 1980 வரை 22 பருவங்களில் 868. அமெரிக்காவின் ஹேங்க் ஆரன் 755 அடித்தார், பாரி பாண்ட்ஸ் 762.

ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் அடித்தாரா?

எங்கே! டோக்கியோவின் யோமியூரி ஜெயன்ட்ஸ் அணியில் சேர்ந்ததும் முதல் 26 முயற்சிகளில் ஒரு ஹிட்கூட இல்லை, அதாவது பந்தை அடித்து ஒரு பேஸைக்கூட எட்டவில்லை. 'ஓ' என்று எழுதும் எழுத்துக்கு 'அரசன்' என்று பொருள். மைதானத்தில் இருந்தவர்களுக்குக் கேலி செய்ய அது போதாதா? 'ஸ்ட்ரைக் அவுட் அரசன்' என்று கூவினார்கள். பள்ளிக் காலத்தில் அவர் பிட்சர், அதாவது பந்து வீசுபவர். 1957-இல் கோஷியன் என்னும் தேசியப் பள்ளிகள் பேஸ்பாலின் வசந்தகாலப் போட்டியில், விரலில் கொப்புளம் உடைந்து ரத்தம் கசியக் கசியப் பந்து வீசித் தன் பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். ஜெயன்ட்ஸுக்கு அவருடைய கை தேவைப்படவில்லை, மட்டைதான் தேவைப்பட்டது.

ஒற்றைக் காலில் நின்றது விளம்பரத்துக்கா?

ஒரு கோளாறைச் சரிசெய்யத்தான். அடிக்கும் நேரத்தில் அவர் கை தேவையில்லாமல் ஒரு முறை பின்னுக்கு இழுக்கும், உடல் முன்னால் பாய்ந்துவிடும். பயிற்சியாளர் ஹிரோஷி அரகாவா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: பந்து வருவதற்கு முன்பே வலது காலைத் தூக்கிவிடு. ஓ இடது கை ஆட்டக்காரர். முன்கால் மேலே இருக்கும்போது அவசரப்பட்டால் தடுமாறி விழ வேண்டியதுதான், ஆகவே காத்திருந்தே தீர வேண்டும். 1962 ஜூலை 1 அன்று முதன்முதலாக ஆட்டத்தில் அப்படி நின்றார், அன்றே ஹோம் ரன் வந்தது. அந்தப் பருவத்தில் 38 அடித்து லீக்கில் முதலிடம் பிடித்தார். அதோடு சேர்த்துத் தொடர்ந்து 13 ஆண்டுகள் அந்த இடம் அவருக்கே.

பயிற்சியைக் கேளுங்கள். கூரையிலிருந்து ஒரு காகிதக் கீற்றைத் தொங்கவிடுவார்கள். ஓ உண்மையான ஜப்பானிய வாளை வீசி அதை வெட்ட வேண்டும். பலத்தைக் காட்டினால் காகிதம் காற்றில் ஒதுங்கிக்கொள்ளும், வாள் நேர்கோட்டில் வந்தால்தான் துண்டாகும். இரவுக்கு இரவு இதே வேலை. அவர் காலடியில் பாய் தேய்ந்து நார் நாராகிவிட்டது.

எதிரணிகள் சும்மா விட்டனவா?

1964-இல் ஹிரோஷிமா அணி ஆறு பேரை மைதானத்தின் வலப்பக்கம் குவித்தது, அவர் அங்கேதான் அடிப்பார் என்று. வேலிக்கு அந்தப்பக்கம் யாரை நிறுத்துவது? அந்த ஆண்டு 55 அடித்தார், ஒரு பருவத்துக்கான ஜப்பானியச் சாதனை அது. இன்னொரு வழி, அடிக்கவே விடாமல் தள்ளி வீசி நடக்கவிடுவது: நான்கு பந்து அப்படிப் போனால் ஆட்டக்காரர் முதல் பேஸுக்கு, அதாவது ஓட்டப் பாதையின் முதல் நிலைக்கு, நடந்தே போகலாம். அப்படி 2390 முறை முதல் பேஸுக்குச் சும்மா நடந்தார். எனக்கு 868-ஐவிட இந்த எண்தான் பிடிக்கும். கெட்ட பந்தைத் தொடாமல் விடுவது எத்தனை பேருக்கு வரும்?

மைதானங்கள் சிறியவை என்கிறார்களே?

சிறியவைதான், மறுக்கவில்லை. அமெரிக்கப் பிட்சர்களை எதிர்த்து ஆடியிருந்தால் எத்தனை என்ற கணக்கில் எனக்கு ஆர்வமில்லை. ஆனால் ஜப்பானில் பருவம் அமெரிக்காவைவிடக் குறுகியது என்பதையும் தராசில் வையுங்கள். 1974-இல் டோக்கியோவில் ஆரனும் ஓவும் ஹோம் ரன் போட்டியில் மோதினார்கள். ஆரன் 10, ஓ 9.

அவருடைய 55-ஐக் காப்பாற்ற ஏமாற்றினார்கள் என்பது உண்மையா?

கறை அதுதான். 1985-இல் எதிரணி ஆட்டக்காரர் ராண்டி பாஸ் 54-இல் நின்றபோதும், 2001-இல் டஃபி ரோட்ஸ் 55-ஐ எட்டியபோதும், ஓ மேலாளராக இருந்த அணிகளின் பிட்சர்கள் அவர்களுக்கு அடிக்கத்தக்க பந்தே தரவில்லை. தான் சொல்லிச் செய்யவில்லை என்றார் ஓ. நம்புகிறேன். ஆனாலும் 'நேராக வீசுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 2013-இல் குராசோ தீவின் விளாடிமிர் பாலென்டீன் 60 அடித்து அந்தக் கதையை முடித்தார்.

ஓ ஜப்பானியரா, சீனரா?

அப்பா சீனர், நூடுல்ஸ் கடை வைத்திருந்தவர். அம்மா ஜப்பானியர். பிறந்தது 1940-இல், டோக்கியோவில். குடியுரிமையோ அப்பா வழியில் வந்தது. கோஷியனில் வென்ற அதே 1957-இல், தேசிய விளையாட்டு விழாவுக்கு அவருடைய பள்ளி தகுதி பெற்றும், ஜப்பானியக் குடிமகன் இல்லை என்று அவரை மட்டும் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகும் அவர் குடியுரிமையை மாற்றிக்கொள்ளவில்லை. 2006-இல் முதல் உலக பேஸ்பால் கிளாசிக்கை ஜப்பான் வென்றபோது அணியின் மேலாளர் அவர்தான்.

என் மகனும் அப்படி நின்று ஆடப் பழகலாமா?

பழகட்டும். வாளை மட்டும் வீட்டில் எடுக்க வேண்டாம்.