கைப்பட எழுதினா உண்மையாயிடுமா?

கேள்வி: அமெரிக்கப் பெரிய மனுஷங்க வாழ்க்கையப் பத்தி நிறைய படிக்கிறேன், ஆனா சுயசரிதை மட்டும்தான். அடுத்தவங்க எழுதுற வாழ்க்கை வரலாறெல்லாம் செத்தவர் மேல சேறு வாரி அடிக்கிற வேலைங்கிறது என் அபிப்பிராயம். அடுத்து ஜெனரல் கிராண்ட் எழுதினத வாங்கப்போறேன். என் வழி சரிதானே?

பதில்: சரியில்லங்க.

நீங்க வாங்கப்போற கிராண்டையே எடுத்துக்குவோம். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வட மாநிலங்களுக்கு ஜெயிச்சுக் கொடுத்தவர், அப்புறம் எட்டு வருஷம் ஜனாதிபதி. 1884 மே மாசம், கூட்டாளி பண்ணின மோசடில வால் ஸ்ட்ரீட்ல அவரு பணம் போட்டிருந்த கம்பெனி கவுந்து கையில காசில்லாம நின்னாரு, அதே வருஷம் தொண்டைல கேன்சர்னு டாக்டர் சொல்லிட்டாங்க. பொண்டாட்டிக்கு ஏதாவது வச்சுட்டுப் போகணுமேன்னுதான் எழுதவே உக்காந்தாரு. எழுத்தாளர் மார்க் ட்வைன் ஓடி வந்து, நிகர லாபத்துல 70 சதவீதம் தர்றேன் எனக்கே குடுங்கன்னு தன் பதிப்பகத்துக்கு வாங்கிட்டாரு. கடைசில பேச்சே வராம துண்டுச் சீட்டுல எழுதிக் காட்டிக்கிட்டு, அப்பவும் விடாம வேலை பாத்து முடிச்சு, முடிச்ச சில நாள்லயே 1885 ஜூலை 23-ம் தேதி போய்ச் சேந்தாரு. பழைய சிப்பாய்ங்க வீடு வீடா போய் ஆர்டர் பிடிச்சு வித்தாங்க, விதவைக்கு வந்த முதல் செக் மட்டும் 2 லட்சம் டாலர், மொத்தம் 4 லட்சத்துக்கும் மேல.

சாவு வாசல்ல நிக்கிற மனுஷன் பொய் சொல்லுவாரான்னு கேப்பீங்க. சொல்லலங்க, விட்டுட்டாரு, அவ்ளோதான். 1869-லேர்ந்து 1877 வரைக்கும் பதவில இருந்தாரே, ஊழல் ஊழலா வெடிச்ச அந்த எட்டு வருஷக் கதை புத்தகத்துல கிடையாது, போர் முடியறதோட கடையக் கட்டிடுறாரு. 1862 டிசம்பர்ல தன் கட்டுப்பாட்டுல இருந்த பகுதிலேர்ந்து யூதர்கள் எல்லாரும் வெளிய போகணும்னு ஒரு உத்தரவு போட்டாரு, லிங்கன் அடுத்த மாசமே அத ரத்து பண்ண வச்சாரு, அதப் பத்தி ஒரு வரி இல்ல. 1854-ல கலிஃபோர்னியால ராணுவ வேலைய ஏன் விட்டாருன்னா, அந்தச் சம்பளத்துல குடும்பத்தக் காப்பாத்த முடியாதுன்னு அவரு எழுதுறாரு. அதுவும் நிஜமாத்தான் இருக்கும். ஆனா குடிதான் காரணம்னு ராணுவத்துல அப்பவே பேச்சு இருந்துச்சு, சாகற வரைக்கும் அந்தப் பேச்சு அவர விடல, அத அவரு தொடவே இல்ல.

அதுக்காக அத மட்டமான புத்தகம்னு நான் சொல்லல, உள்நாட்டுப் போர்ல கோல்ட் ஹார்பர்ங்கிற இடத்துல நடந்த சண்டைல கடைசித் தாக்குதல் நடத்தினதுக்கு எப்பவுமே வருத்தப்படுறேன்னு அவரே எழுதியிருக்காரு, எத்தன தளபதிங்க அப்படி எழுதுவாங்க சொல்லுங்க.

இன்னொண்ணு, விட்டதெல்லாம் கள்ளத்தனம்னும் முடிவு கட்டிடாதீங்க. ஃபிரெடரிக் டக்ளஸ் அடிமையா இருந்து தப்பி வந்தவர், 1845-ல முதல் சுயசரிதை போடுறாரு, எஜமான் பேரையே பட்டவர்த்தனமா போட்டுட்டு, எப்படித் தப்பிச்சேன்னு மட்டும் சொல்ல மாட்டேங்கிறாரு, சொன்னா உதவினவங்க மாட்டுவாங்க, பின்னாடி வர்றவங்களுக்கு வழி அடைஞ்சிடும்னு. 1881-ல வந்த மூணாவது சுயசரிதைலதான் முழுசா வருது: 1838 செப்டம்பர் 3, பால்டிமோர்ல மாலுமி வேஷத்துல ரயில் ஏறினது, அடிமை இல்லன்னு காட்ட இரவல் வாங்கின மாலுமிப் பத்திரத்துல இருந்த அங்க அடையாளம் இவருக்குப் பொருந்தவே பொருந்தாதது, கண்டக்டர் மேலோட்டமா பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தது எல்லாம். படிக்கிறப்ப நமக்கே வயித்தக் கலக்கும்.

ஆனா அதே டக்ளஸ் தன் பொண்டாட்டி ஆன்னா மரேயப் பத்தி எவ்ளோ எழுதினாருன்னு தேடிப் பாருங்க. பால்டிமோர்ல வீட்டு வேலை செஞ்சு சேத்த காசக் குடுத்து அவரத் தப்பிக்க வச்ச பொம்பளை, 44 வருஷம் கூட வாழ்ந்தவங்க, மூணு சுயசரிதைலயும் ஏதோ ஓரமா வந்துட்டுப் போறாங்க. மக ரொசெட்டா 1900-ல அம்மாவப் பத்தித் தனியா பேசினதாலதான் நமக்கு ஏதோ கொஞ்சம் தெரியுது. சுயசரிதை மட்டும்தான்னு பிடிவாதமா இருந்தா அந்தம்மா உங்க கண்ணுலயே பட மாட்டாங்க.

சேறு வாரி அடிக்கிறதுன்னீங்களே, ராபர்ட் கேரோன்னு ஒருத்தர் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வாழ்க்கைய 1970-கள்லேர்ந்து எழுதுறாரு, முதல் தொகுதி 1982, நாலாவது 2012, அஞ்சாவது இன்னும் வரல. ஜான்சன் வளந்த டெக்சாஸ் கிராமப் பக்கமே பொண்டாட்டியோட மூணு வருஷம் குடியிருந்தாரு, வெளியூர்லேர்ந்து போய்க் கேட்டா ஜனங்க வாயத் திறக்க மாட்டேங்கிறாங்கன்னு. ஜான்சனோட தம்பி சாம் ஹூஸ்டன் ஜான்சன் சின்ன வயசுக் கதைங்க நிறைய அள்ளி விட்டவர், எதுவும் நம்புற மாதிரி இல்ல. அவர ஒரு நாள் அவங்க பழைய வீட்டுக்கே கூட்டிட்டுப் போய், சின்ன வயசுல உக்காந்த அதே சாப்பாட்டு மேசைல அதே இடத்துல உக்கார வச்சு, தான் பின்னாடி உக்காந்துக்கிட்டு, அப்பாவும் அண்ணனும் எப்படிச் சண்டை போடுவாங்கன்னு கேட்டாரு கேரோ. ஆள் அப்படியே அந்தக் காலத்துக்குப் போய் கத்தவே ஆரம்பிச்சுட்டாரு. அப்ப மெதுவா, முன்ன சொன்ன கதைகள இன்னும் விவரமா சொல்லுங்கன்னதும், முடியாது, அதெல்லாம் நடக்கவே இல்லன்னுட்டாரு தம்பி.

ஜான்சன் பேர்லயும் 1971-ல ஒரு நினைவுக்குறிப்பு வந்துச்சு, எழுதினது பெரும்பாலும் உதவியாளர்கள். அவரு கொச்சையா, ரசமா பேசினதெல்லாம் ஜனாதிபதி புத்தகத்துக்கு லாயக்கில்லன்னு அவரே வெட்டச் சொல்லி, கடைசில ஒரு அரசாங்க அறிக்கை மாதிரி ஆயிடுச்சு. உங்க கணக்குப்படி ‘அவரே எழுதினது’ இதுதான்.

கிராண்ட் புத்தகத்த தாராளமா வாங்குங்க. ஆரம்பத்துல வர்ற, மெக்சிகோ மேல அமெரிக்கா நடத்தின போர்ப் பகுதியத் தாவிடாதீங்க, தான் சண்டை போட்ட போரையே பலவான் ஒருத்தன் நோஞ்சான் மேல நடத்தின ரொம்ப அநியாயமான போர்கள்ல ஒண்ணுன்னு சொல்றாரு. குடி விஷயத்துக்கு ரான் செர்னோ 2017-ல எழுதின வாழ்க்கை வரலாறையும் சேத்து வாங்கணும், தலகாணி சைஸ்தான், என்ன பண்றது.