நட்சத்திர வெடிப்பு ப்ராஜெக்டுக்கு 40,000 ரூபாயா?

கேள்வி: மகள் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். வெடிக்கும் நட்சத்திரத்தின் ஒளியைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்க்கும் ப்ராஜெக்ட். புது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் கிராபிக்ஸ் கார்டு, சாப்ட்வேர் லைசென்ஸ், டேட்டா எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- ஒரு தந்தை, அஸ்தம்பட்டி

பதில்: கொடுக்காதீர்கள். லைசென்ஸ் என்று சொன்னபோதே குட்டு வெளிப்பட்டுவிட்டது. இதற்கென்றே இருக்கும் டார்டிஸ் என்ற பைத்தான் நிரல் இலவசம். 2014-ல் கெர்சன்டார்ஃப், சிம் இருவரும் அறிமுகப்படுத்தியது. சாதாரண லேப்டாப்பில் ஓடும். லினக்ஸ் இயங்குதளம் வேண்டியிருக்கும், அதற்கும் காசில்லை. டேட்டாவும் அப்படித்தான். 2011 ஆகஸ்டில் சப்தரிஷி மண்டலத்துப் பக்கம் வெடித்த 2011எஃப்இ என்ற நட்சத்திரத்தின் நிறமாலைகள், அதாவது அதன் ஒளியை நிறவாரியாகப் பிரித்த பதிவுகள், இணையத்தில் யாருக்கும் கிடைக்கும்.

ஏற்காடு மலைப்பாதையில் மூட்டம் இறங்கும்போது ஹெட்லைட் வெளிச்சம் சிதறுவதைப் பார்த்திருப்பீர்கள். வெடித்த நட்சத்திரத்தின் சிதறலும் அப்படி ஒரு மூட்டம்தான், நொடிக்கு 10,000 கிலோமீட்டர் கணக்கில் விரிகிற மூட்டம். ஒளியைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கி, ஒவ்வொன்றும் எங்கே மோதும், எந்தப் பக்கம் திரும்பும் என்று கம்ப்யூட்டர் தாயம் உருட்டுகிறது. வெளியே தப்பி வந்தவற்றை நிறவாரியாக எண்ணினால் நிறமாலை.

ஒன்றில் மட்டும் கவனம். எடுத்துக்கொண்ட நிறமாலை வெடித்து எத்தனையாவது நாளுடையது என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில வாரம் மூட்டம் அடர்த்தி. ஓர் எல்லைக்கு உள்ளே எதுவும் தெரியாது. அந்த எல்லையிலிருந்து ஒளி கிளம்புவதாக வைத்துத்தான் டார்டிஸ் கணக்குப் போடுகிறது. மாதங்கள் போனால் மூட்டம் கலைந்து நடு வரைக்கும் தெரியும், எல்லையே இருக்காது. 200-வது நாள் நிறமாலைக்கு இதைப் போட்டு ஏதாவது கோடு வந்தாலும் அதற்கு அர்த்தமில்லை. உச்ச வெளிச்சம் சுமார் 18-வது நாள், அதையொட்டி எடுக்கட்டும். சென்டர்காரர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. ஒரே ரிப்போர்ட்டை அட்டையில் பெயர் மாற்றி இரண்டு பேருக்கு விற்றதை வைவாவில் நானே பிடித்திருக்கிறேன்.

அவர்களை மட்டும் சொல்லி என்ன? கெட்டி அட்டை, தங்க எழுத்து, மூன்று காப்பி என்று கறாராகக் கேட்கிற துறைகள், "நிரலை ஒருமுறை ஓட்டிக் காட்டும்மா" என்று கேட்பதே இல்லை.

சரி, கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? பெட்டியைப் பிரிக்காமல், ரசீதோடு திருப்பிக் கொடுங்கள்.