கொட்டகையில் நிற்கும் பாக்ஸ்டர்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்கு 27 வயது. ஊர் பாளையங்கோட்டை, வேலை பெங்களூரில். பள்ளிக்கூட நாளிலிருந்து மனசில் இருக்கும் வண்டி போர்ஷே பாக்ஸ்டர், கூரை மடங்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். கொச்சியில் 2007 மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மொத்தமே 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, டயர் பட்டன்கூடத் தேயவில்லை. பாளையில் வீட்டோடு ஒரு கொட்டகை போட்டு நிறுத்திவிட்டு, பொங்கல் தீபாவளிக்கு வரும்போது ஓட்டலாம் என்று திட்டம். வாரம் ஒரு நாள் அப்பா ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிடுவார். மாமாவோ, ‘இந்த வயசில் இது திமிர், அந்தக் காசுக்கு நிலம் வாங்கு’ என்கிறார். இப்படி ஆசைப்படுவது தப்பா? சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் கூட்டலாமா?

செ., பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

ஆசை தப்பே இல்லை. தரையோடு தரையாக இருக்கும் அந்த இருக்கையில் இறங்கி ஏற முதுகு ஒத்துழைக்கிற வயசு இதுதான். மாமாவோடு மல்லுக்கு நிற்காதே, அவர் கணக்கு அவருக்குச் சரி. சைலன்சர் பேச்சை விடு. ஆறு சிலிண்டர் எஞ்சின் உன் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது, சத்தத்துக்கு என்ன குறை?

என்னைச் சுட்டது அந்தப் ‘பத்து நிமிஷம்’தான். உறை போட்டு மூடிய வண்டிகள் உள்ளுக்குள் எப்படிச் சாகின்றன என்பதைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். உன் கடிதம் அந்த நேரம் பார்த்து வந்தது. கோபமாகவே சொல்கிறேன்: அப்பாவை அந்தச் சாவியைத் தொடவிடாதே.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தால் அது புகையோடு போய்விடும். நின்ற இடத்தில் பத்து நிமிஷம் உறுமவிட்டால் சைலன்சருக்குள்ளும் ஆயில் சட்டிக்குள்ளும் குளிர்ந்து தங்கும். குளிர்ந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் பாயும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும். டேஷ்போர்டில் முள் ஏறிவிட்டதே என்று நினைக்காதே, அது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் (கூலன்ட்) சூடு. ஆயில் சூடேற அதைவிட நேரம் ஆகும், அதுவும் ரோட்டில் ஓடினால்தான் ஆகும். வாரம் ஒரு தடவை இப்படிச் செய்வதைவிட மூன்று மாதம் தொடாமலே வைப்பது மேல்.

பாக்ஸ்டருக்கு இது மற்ற வண்டிகளைவிட அதிகமாக வலிக்கும். 2008 வரை வந்த எஞ்சின்களில், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்கும் நடுவே ஒரு இடைத்தண்டு சுழல்கிறது. அதன் ஒரு முனையைத் தாங்குவது கிரீஸ் அடைத்து மூடிய ஒரு பால் பேரிங். நாளடைவில் மூடியின் ரப்பர் இறுகி, ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிவிடும். பிறகு அந்தப் பேரிங்குக்கு உள்ளே தேங்கிய ஆயில்தான் கதி. அதில் தண்ணீரும் பெட்ரோலும் கலந்திருந்தால் குண்டுகள் பொரிந்து செதில் செதிலாக உதிரும். பேரிங் உடைந்தால் கேம் ஷாஃப்ட்டைச் சுழற்றும் செயின் நேரம் தவறும், வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சின் போச்சு. 2006 மாடலிலிருந்து வந்த பேரிங் பெரியது, அவ்வளவு லேசில் உடையாது. ஆனால் மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே இரண்டாகப் பிளக்க வேண்டும். கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போது, பேரிங்கின் வெளிப்பக்க ரப்பர் மூடியை எடுத்துவிட்டால் புது ஆயில் போய்வர வழி கிடைக்கும். 2009-இல் வந்த புது எஞ்சினில் இந்த இடைத்தண்டே கிடையாது.

இப்போது உன் 19,000 கிலோமீட்டருக்கு வருகிறேன். அதைப் பெருமையாக எழுதியிருக்கிறாய். வருஷத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவுதான் ஓடியிருக்கிறது என்றால் மீதி நாளெல்லாம் நின்றிருக்கிறது என்று அர்த்தம், தம்பி. அதே வருஷத்து வண்டி எழுபதாயிரம் ஓடி, வருஷம் தவறாமல் ஆயில் மாற்றிய ரசீதுகளோடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தேர்ந்தெடு.

டயர் பட்டன் தேயவில்லை என்கிறாய். ரப்பர் ஓட்டத்தில் மட்டுமா தேய்கிறது? வெயிலிலும் காற்றிலும் இறுகிப் பலகையாகிவிடும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2307 என்றிருந்தால் 2007-இன் 23-வது வாரம் செய்தது. ஆறு வருஷம் தாண்டியிருந்தால் நான்கையும் மாற்றக் காசு ஒதுக்கு. 17 அங்குலச் சக்கரம் என்றால் முன்னால் 205/55, பின்னால் 235/50. முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது. ஐப்பசி அடைமழையில் நாற்கரச் சாலையில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் பழைய டயரின் வயசு தெரியும். 2024 ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரின் வடம் அறுந்து நின்றதே, நினைவிருக்கிறதா? வருஷத்தில் ஒரு நாள் இழுக்கும் பொருளின் பலவீனம் அந்த ஒரு நாளில்தான் கண்ணுக்குப் படும்.

மழை என்றதும் இன்னொன்று. துணிக் கூரை மடங்கும் இடத்தில், இரண்டு ஓரத்திலும் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. வேப்பஞ்சருகு அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பளத்துக்கு அடியில் ஒயர் இணைப்புகளை அரிக்கும். தடித்த நைலான் நரம்பை மெதுவாக விட்டு அடைப்பெடு. கம்ப்ரசரால் காற்றடித்தால் அடியில் குழாய் கழன்றுவிடும். முன் பம்பரின் இரண்டு வாய்களிலும் இதே சருகுதான் சேர்ந்து ஏசி கண்டென்சரை அரிக்கும். வருஷம் ஒரு முறை பம்பரைக் கழற்றி அள்ள வேண்டும். பேட்டரி இருப்பது முன் பானெட்டுக்குள், அந்தப் பூட்டோ மின்சாரத்தில் திறப்பது. பேட்டரி செத்தால் பானெட் திறக்காது. கால் வைக்கும் இடத்து ஃப்யூஸ் பெட்டியில் வெளியே இழுக்கும் ஒரு முனை இருக்கிறது, அதில் 12 வோல்ட் கொடுத்துத் திறக்கலாம். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் ஹேண்ட்பிரேக் போடாதே, ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வை.

கேரளப் பதிவு என்றால் படிவம் 28 தடையில்லாச் சான்று, பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30, இங்கே ஆயுள் வரி; 15 வருஷம் தாண்டிய வண்டி, ஆர்சி புதுப்பித்திருக்கிறதா என்று பார். இதெல்லாம் அலைச்சல்தான், ஆபத்தில்லை.

கேள்விக்கு வருகிறேன். வயசு தடையில்லை, தூரம்தான் தடை. வண்டியைப் பெங்களூரில் உன்னோடு வைத்துக்கொள்ள முடியுமானால் வாங்கு. இல்லை, பாளைக்கே வேலையை மாற்றிக்கொண்டு வருகிறாயா? அப்படியானால் ஞாயிறு விடியலில் நாங்குநேரி, வள்ளியூர் தாண்டிக் காவல்கிணறு வரை போய்த் திரும்பு. நூறு கிலோமீட்டருக்குக் குறையாது, ஆயிலில் இருக்கும் தண்ணீர் எல்லாம் போய்விடும். இரண்டும் முடியாதென்றால் இப்போது வாங்காதே.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் கொச்சிக்குப் போய் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றச் சொல். ஆயில் ஃபில்டரைக் கழற்றி, காகித மடிப்புகளை வெள்ளைத் துணியில் விரித்து, ஒரு காந்தத்தை மேலே ஓட்டு. மின்னும் செதில் ஒட்டினால் பேசாமல் ரயில் ஏறிவிடு. ஒட்டவில்லையென்றால் நான்கு டயரிலும் உள்ள எண்களைக் குறித்து எனக்கு அனுப்பு.