பெண்ட் பைப்பில் அடித்த பெயின்ட் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: பைக்கின் பெண்ட் பைப் (இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகை போகும் வளைந்த பைப்) துருப்பிடித்திருந்தது. கழற்றாமலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், ஒரு கோட் பிரைமர் அடித்தேன், அதன் மேல் 'ஹீட் ப்ரூஃப்' என்று போட்டிருந்த கறுப்பு ஸ்ப்ரே. பத்தே நாளில் இன்ஜினை ஒட்டி ஒரு சாண் அளவுக்கு உரிந்துவிட்டது, தொட்டால் சாம்பல் மாதிரி உதிர்கிறது. பின்பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. வேறு கம்பெனி டப்பா வாங்கினால் சரியாகுமா?

டப்பாவை மாற்றத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் செய்ததையே நல்ல டப்பாவை வைத்து இன்னொரு முறை செய்தால் பத்து நாள் இருபது நாளாகும், அவ்வளவுதான்.

உரிந்த துண்டு ஒன்று கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் பிரைமரின் நிறம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் பிரைமர்தான் கைவிட்டிருக்கிறது. சிவப்பாகத் துருத்தூள் வந்திருந்தால் தேய்த்தது போதவில்லை. துண்டாக வராமல் சாம்பலாக உதிர்கிறது என்றால் பெயின்ட்டே வெந்துபோயிருக்கிறது. நீங்கள் சொல்வது இந்த மூன்றாவது வகை, கூடவே முதலாவதும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாதாரண பெயின்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் ரெசின் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கருக ஆரம்பித்துவிடும். இன்ஜின் பிளாக்குக்கு என்று விற்கும் ஸ்ப்ரே 250, 300 வரை தாங்கும். ஆனால் ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பகுதியை, விட்டு வெளியே வரும் முதல் ஒரு சாணில் பைப்பின் இரும்பே 400, 500 டிகிரிக்குப் போகக்கூடியது. பின்னால் போகப் போகச் சூடு குறைகிறது, அதனால்தான் உங்கள் பைப்பின் பின்பாதி தப்பித்தது. 'ஹீட் ப்ரூஃப்' என்ற எழுத்தை விட்டுவிட்டு டப்பாவின் பின்பக்கம் டிகிரி எண்ணைப் பாருங்கள். 600, 650 என்று இருக்க வேண்டும், அதோடு 'சிலிக்கோன்' என்ற வார்த்தையும் இருந்தால் நல்லது. பளபளப்பை எதிர்பார்க்காதீர்கள். இந்தச் சூட்டில் நிற்பது மேட் கறுப்பும் சில்வரும்தான்.

ஒரு விஷயம், இருட்டில் வண்டியை ஓடவிட்டுப் பார்க்கும்போது பைப் இலேசாகச் சிவந்து தெரிகிறதா? தெரிந்தால் 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். மிக்ஸர் லீனாக, அதாவது காற்று அதிகமாகவும் பெட்ரோல் குறைவாகவும் கலந்து, ஓடுகிறதா என்று முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், பெயின்ட் அப்புறம்.

சரி, வேலைக்கு வருவோம். பைப்பைக் கழற்றியே ஆக வேண்டும். வண்டியில் இருக்கும்போது உள்வளைவில் கை போகாது, தேய்க்காத அந்த இடத்திலிருந்துதான் துரு மறுபடி கிளம்பும். ஹெட்டில் பைப்பைப் பிடித்திருக்கும் ஸ்டட்டுகள் (தலையில்லாத போல்ட்டுகள்) வருடக்கணக்காகச் சூட்டில் வெந்தவை, ஸ்பேனரை மாட்டி ஒரே இழுப்பு இழுத்தால் நட்டோடு ஸ்டட்டும் முறிந்து கையில் வரும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயிலை அடித்து விட்டுவிடுங்கள், மறுநாள் அரைச் சுற்று அவிழ்த்து, கால் சுற்று திரும்ப முடுக்கி, இப்படி முன்னும் பின்னுமாக மெதுவாக வெளியே கொண்டுவாருங்கள். பைப்பில் ஆக்சிஜன் சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் கருவி) இருக்கும் வண்டியானால் அதைத் தனியாகக் கழற்றி எடுத்து வையுங்கள், அதன் மேல் பெயின்ட் படவே கூடாது.

தேய்ப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. டிரில்லில் கம்பி பிரஷ் மாட்டித் தளர்ந்த துருவையும் பழைய பெயின்ட்டையும் எடுத்துவிட்டு, 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 180 அல்லது 220. கண்ணுக்கு வெள்ளை இரும்பு தெரிய வேண்டும், குறிப்பாக வெல்டிங் ஓரங்களில். குழிகளுக்குள் கறுப்புப் புள்ளியாக நிற்கும் துருவை விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள். தேய்க்கும்போது ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஆங்காங்கே தட்டிப் பாருங்கள், ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டால் அங்கே உள்ளே அரித்திருக்கலாம், அந்தப் பைப்புக்குப் பெயின்ட்டை விட வெல்டிங்தான் தேவை. குரோம் பூசிய பைப் என்றால் வழுவழுப்பு முழுக்கப் போகும்வரை தேய்த்தால்தான் பெயின்ட் பிடிக்கும், அந்தத் தூள் மூச்சில் போகாமல் மாஸ்க் கட்டாயம். துருவைக் கறுப்பாக்கும் ரசாயனம், பட்டி, சாதாரண பிரைமர் மூன்றையும் மறந்துவிடுங்கள். அவை எல்லாமே சூட்டில் இளகும், மேலே இருப்பதையும் கூட்டிக்கொண்டு உதிரும்.

அடுத்து அசிட்டோன். சுத்தமான துணியில் நனைத்து, துணியில் கறை வராதவரை துடையுங்கள். பிரேக் கிளீனர் கையில் இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம், சிலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கும், அதன் மிச்சம் கொதிக்கும் உலோகத்தில் பட்டால் விஷ வாயு உண்டாகும். துடைத்த பிறகு வெறுங்கையால் தொடவே கூடாது. நான் முதன்முதலில் செய்தபோது எல்லாம் முடிந்துவிட்ட சந்தோஷத்தில் பைப்பைக் கையால் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்ப்ரே அடித்தேன். இரண்டு வாரம் கழித்து என் கட்டைவிரலும் நாலு விரலும் படிந்த இடம் மட்டும் அச்சு எடுத்தாற்போல உரிந்து நின்றது.

பைப்பைக் கம்பியில் தொங்கவிட்டு, காற்றோட்டமான, பக்கத்தில் நெருப்பே இல்லாத இடத்தில் அடியுங்கள். இரண்டு வாயையும் அடைத்துக்கொள்ளுங்கள், கேஸ்கட் (ஹெட்டும் பைப்பும் சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் வளையம்) உட்காரும் விளிம்பில் பெயின்ட் வேண்டாம். உள்வளைவை முதலில், வெளிப்பக்கத்தைக் கடைசியில். முதல் கோட்டில் இரும்பு தெரிந்தால் பரவாயில்லை, தெரியத்தான் வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மெல்லிசாக மூன்று கோட் போதும். ஒரே கோட்டில் மூடிவிடலாம் என்று தடிமனாக அடித்தால் உள்ளே மாட்டிய தின்னர் சூட்டில் கொதித்துக் கொப்புளம் போடும்.

இனிமேல்தான் பலரும் கோட்டை விடுவது. இந்தப் பெயின்ட் காய்ந்தால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது, அதை வேகவைக்க வேண்டும். சுடச்சுட அதில் இருக்கும் கரிமப் பகுதி எரிந்து வெளியேற, சிலிக்கானும் ஆக்சிஜனும் பின்னிக்கொண்டு கண்ணாடிபோல இறுகி நிறமிகளைப் பிடித்துக்கொள்கின்றன. அதுவரை நகத்தால் சுரண்டினால் வரும், ஒரு சொட்டு பெட்ரோல் பட்டால் கரையும். டப்பாவில் போட்டிருக்கும் கணக்குதான் முதல் கணக்கு. பொதுவாக 120 டிகிரியில் அரை மணி, ஆறவிட்டு 200-ல் அரை மணி, மறுபடி ஆறவிட்டு 300-க்குச் சற்று மேலே அரை மணிக்குக் குறையாமல் என்று இருக்கும். சமைக்கும் ஓவனில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்தப் புகை பட்ட ஓவனில் அப்புறம் சமைக்க முடியாது.

ஓவன் இல்லையா, வண்டியிலேயே வேகவைக்கலாம். புது கேஸ்கட் போட்டு மாட்டுங்கள். எல்லா நட்டையும் முதலில் கை இறுக்கத்தில் விட்டு, ஹெட் பக்கத்தை இறுக்கிய பிறகே பின்னால் இருக்கும் பிராக்கெட்டை இறுக்குங்கள், இல்லையென்றால் பைப் இழுபட்டு நின்று கேஸ்கட்டில் கசியும். கிளப்பும் முன் பைப்பை ஒருமுறை துடைத்துவிட்டு 10 நிமிடம் ஐட்லிங் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் நின்ற இடத்தில் ஓடவிடுவது), 20 நிமிடம் ஆறவிடுங்கள். பிறகு 20 நிமிடம் ஐட்லிங், மறுபடி 20 நிமிடம் ஆறவிட்டு, அரை மணி நேரம் நிதானமாக ஒரு ஓட்டம். காற்றில் ஆறும் இன்ஜின் என்றால் ஐட்லிங்கில் நிற்கும்போது முன்னால் ஒரு ஃபேனை வையுங்கள். எல்லாம் திறந்த வெளியில்தான், மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். முதல் சூட்டில் புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம், வேகும் வாசனைதான்.

உங்கள் பைப் ஒருவேளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் இவ்வளவும் தேவையில்லை, பாலீஷ் போட்டு அப்படியே விடலாம். காந்தத்தை வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சைலன்சர் பைப்புக்குப் போடும் ஸ்டெயின்லெஸ் வகைகளில் காந்தம் ஒட்டுவதும் உண்டு. உங்களுடையது செதில் செதிலாகச் சிவந்து துருப்பிடித்திருந்தால் பெரும்பாலும் சாதாரண இரும்புதான்.

பிறகு எப்போதாவது கல் தெறித்து ஒரு பொட்டு உரிந்தால் முழுதும் கழற்ற வேண்டியதில்லை. பைப் நன்றாக ஆறிய பிறகு அந்த இடத்தை மட்டும் இரும்பு தெரியத் தேய்த்து, அசிட்டோனில் துடைத்து, அதே டப்பாவால் மெல்லிசாக இரண்டு கோட் அடித்து, ஐட்லிங் கணக்கை மட்டும் மறுபடி முதலிலிருந்து செய்யுங்கள்.