சிம்பு மலையில் வாத்தியார் வேலை: வரலாமா என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

பப்புவா நியூ கினியில், சிம்பு மாகாணத்து மலைக்கிராமம் ஒன்றில், விடுதியோடு கூடிய பள்ளியில் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுக்க மூன்று வருட ஒப்பந்தம் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். மனைவியையும் நாலு வயது மகளையும் கூட்டிவரலாமா, நாலு காசு மிஞ்சுமா, அந்த ஊரில் எதிர்காலம் என்று ஏதாவது உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து 1998-இல் இங்கே ஆசிரியராக வந்தவன். இன்னும் குண்டியாவா நகருக்கு வடக்கே, ஆற்றை ஒட்டி மேலேறும் மண்பாதையோரம்தான் குடியிருக்கிறேன்.

மலைக்கிராமம் என்றதும் பசியும் பஞ்சமும்தான் உங்கள் மனதில் வந்திருக்கும். இங்கே வழக்கமான வருடங்களில் பசி கிடையாது. ஆடுகூட நிற்கத் தயங்கும் சரிவில் வேலி கட்டி, மேடு கூட்டி, கௌகௌ என்கிற சர்க்கரைவள்ளி போட்டிருப்பார்கள். காலையும் மாலையும் அதுதான் சாப்பாடு. மவுண்ட் ஹாகன் நகருக்கு அருகே குக் என்ற சதுப்பு நிலம் இருக்கிறது. அதைத் திருத்தி 7000 வருடங்களாகப் பயிர் செய்திருக்கிறார்கள் என்று 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவர்களுக்கு விவசாயம் சொல்லித்தர வேண்டிய நிலையில் யாரும் இல்லை. உறைபனிதான் கெடுக்கும். 1997-லும் 2015-லும் மழை பொய்த்து, உயரமான ஊர்களில் பனி விழுந்து, கொடி கருகிப் போனது. 2015-இல் எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் கீழே உறவினர் ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

இங்கே குறை என்றால் பாதையும் கைக்காசும்தான். தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து இந்த மலைக்குச் சாலையே இல்லை, விமானத்தில்தான் வரவேண்டும். சரக்கெல்லாம் லே துறைமுகத்தில் இறங்கி, ஹைலாண்ட்ஸ் ஹைவேயில் லாரியில் ஏறி வருகிறது. மழையில் மண் சரிந்தால் லாரி நின்றுவிடும், மறுநாளே கடையில் அரிசியும் டின் மீனும் விலை ஏறும். குண்டியாவாவிலிருந்து எங்கள் ஊருக்கு வண்டி வருவது அதைவிடச் சிரமம். பிரசவ வலி வந்த பெண்ணை நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சரிவு தாண்டி நடந்ததை நான் ஒரு தடவை அல்ல, பல தடவை பார்த்திருக்கிறேன்.

எதிர்காலம் உண்டா என்று கேட்டீர்களே, அந்தக் கேள்விக்குப் பாதி பதில் காப்பியில் இருக்கிறது. ஒவ்வொரு குடும்பமும் வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் அராபிகா வைத்திருக்கும். பழத்தைப் பறித்து, கையால் சுற்றும் இயந்திரத்தில் தோலுரித்து, ஊறவைத்துக் கழுவி, பிளாஸ்டிக் விரிப்பில் காயவைத்து, பாதையோரம் வரும் வியாபாரியிடம் விற்பார்கள். பணம் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை வரும். பள்ளி திறந்து பிள்ளைகளுக்குப் பணம் கட்ட வேண்டியதோ ஜனவரிக் கடைசியில், பிப்ரவரியில். அதற்குள் கல்யாணத்துக்குப் பன்றி, சாவுக்கு அரிசி, குலத்தார் யாருக்காவது கட்டும் இழப்பீட்டில் பங்கு என்று காப்பிப் பணம் கரைந்திருக்கும். அறிவுள்ள பிள்ளை ஒன்று பிப்ரவரியில் வகுப்புக்கு வராவிட்டால் படிப்பில் ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்தக் கணக்கு எனக்குப் புரிய நாலு வருடம் ஆனது. புரிந்த பிறகு ஜூலையிலேயே தகப்பன்மார்களைக் கூட்டி, அடுத்த வருடத்துப் பணத்தில் ஒரு பகுதியை அப்போதே பள்ளியில் கட்டவைத்தோம். எங்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கோரோகா பல்கலைக்கழகம் போய், ஆசிரியர்களாகத் திரும்பி வந்தவர்கள் இன்று என் பக்கத்து அறைகளில் பாடம் நடத்துகிறார்கள்.

இனி உங்கள் காசு. சம்பளம் இந்த நாட்டு நாணயமான கினாவில் வரும். கினாவை மாற்றி ஊருக்கு அனுப்புவது சில சமயம் வாரக்கணக்கில் இழுக்கும். வீட்டுக்கடன் தவணையை இதை நம்பிக் கட்டுவதாக இருந்தால் வராதீர்கள். என் முதல் வருடம் என்னை வேலைக்கு எடுத்தவர்களிடமிருந்து மூன்று மாதம் சம்பளமே வரவில்லை. யாரிடமும் நான் சொல்லவும் இல்லை. ஆனாலும் தினமும் விடிந்ததும் வாசலில் ஒரு பிலும், அதாவது இங்கே கையால் பின்னும் கயிற்றுப் பை, தொங்கும். உள்ளே கௌகௌ, பூசணித் துளிர், சில நாள் முட்டைக்கோஸ். தொங்கவிட்ட அம்மா யார் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

இங்கே எல்லோருக்கும் பொதுமொழியான டோக் பிசினில் வான்டோக் என்று ஒரு சொல் உண்டு. ஒரே பேச்சுக்காரன் என்று பொருள். 800-க்கு மேல் மொழிகள் உள்ள நாட்டில் நம் மொழி பேசுகிறவன் நம் ஆள், அவனுக்குக் கொடுக்க வேண்டும், அவனிடம் கேட்கலாம். எங்கள் பக்கம் பேசுவது குமான். அதில் நாற்பது ஐம்பது சொல்லாவது முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள். பாக்குப் போடும் இடத்தில் உட்கார்ந்தாலே பாதி வந்துவிடும். நம் ஆச்சிமார் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினார்கள், இவர்கள் அந்தக் கொடியின் நீளக் காயைச் சுண்ணாம்பில் தோய்த்துக் கடிக்கிறார்கள். பாக்கு இந்தக் குளிரில் காய்ப்பதில்லை, கடலோரத்திலிருந்து மூட்டையில் வரும்.

2006-இல் என் அப்பா இறந்தார். செய்தி மூன்றாம் நாள் வந்தது. அன்றைக்குப் பாதையும் சரிந்து கிடந்தது. கிளம்ப வழியில்லை. மதியம் என் முற்றத்தில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். முகத்திலும் மார்பிலும் களிமண் பூசிக்கொண்டு, அப்பாவை ஒருநாளும் பார்த்திராதவர்கள் நூறு பேருக்கு மேல் அழுதுகொண்டே ஏறி வந்தார்கள். ஹவுஸ் க்ராய் என்பார்கள், நம் ஊர் இழவு வீடுதான். பெண்கள் இழுத்துப் பாடிய விதம் எங்கள் தெரு ஒப்பாரியையே கொண்டுவந்து நிறுத்தியது. அப்பாவின் பெயர் என்ன என்று கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே அழுதார்கள். ஐந்து நாள் என்னைத் தனியாக விடவில்லை. அதற்கு முன்பு அவர்கள் வீட்டுச் சாவுகளுக்கு நான் அரிசி மூட்டையோடு போய் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் நான் செய்தது. நீங்களும் போங்கள். பாடவேளை இருக்கிறது என்று சாக்குச் சொல்லாதீர்கள்.

குடும்பம் விஷயத்தில் என் கருத்து இது: முதலில் தனியாக வாருங்கள், ஒரு பள்ளி வருடம் பாருங்கள், பிறகு கூட்டிவாருங்கள். இந்த உயரத்தில் மலேரியா அரிது, லே, மடாங் என்று கீழே இறங்கினால் பிடித்துக்கொள்ளும். ராத்திரி குளிர் 10 டிகிரிக்குக் கீழே போகும். நல்ல மருத்துவம் குண்டியாவாவில் உண்டு, போய்ச்சேருவதுதான் பாடு. மகள் சிறியவளாக இருக்கும்வரை கிராமத்துப் பிள்ளைகளோடு சந்தோஷமாக வளருவாள். பெரிய வகுப்புக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருக்கும். என் பிள்ளைகள் இருவரையும் ஆறாம் வகுப்போடு பாட்டியிடம் அனுப்பினேன். அந்த வருடங்கள் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இதை உங்கள் மனைவியிடமும் வாசித்துக் காட்டுங்கள்.

சண்டையும் உண்டு. நிலம், பன்றி, பெண், தேர்தல் என்று மூண்டுவிடும். வெளியூர் ஆசிரியரைப் பெரும்பாலும் ஒதுக்கி விட்டுவிடுவார்கள், ஆனால் பள்ளி மூடிக் கிடக்கும். தேர்தல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, 2022-க்குப் பிறகு 2027. அந்த வருடத்து நடுவில் வந்து இறங்காதீர்கள். சொந்தமாக வண்டி ஓட்டவும் வேண்டாம். ஒரு பன்றிக்குட்டி மேல் ஏற்றிவிட்டால்கூட இழப்பீட்டுப் பேச்சு நாள்கணக்கில் போகும்.

நிலம் வாங்கி இங்கேயே இருந்துவிடலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நாட்டின் நிலத்தில் சுமார் 97 சதவீதம் குலங்களின் மரபுவழி உரிமையில் இருக்கிறது, வெளியாருக்கு விற்க முடியாது. அதனால்தான் இந்த மலையில் நிலமற்ற கூலி என்று ஒருவரைப் பார்ப்பது அரிது. அந்த ஏற்பாடு அப்படியே இருக்கட்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். எட்டு வருடம் தங்கினால் குடியுரிமை கேட்கலாம். சிவகங்கைப் பக்கம் பிறந்த சசீந்திரன் முத்துவேல் அப்படிக் குடிமகனாகி 2012-இல் மேற்கு நியூ பிரிட்டன் மாகாண ஆளுநரானார். இந்தியக் கடவுச்சீட்டை விட்டுவிட வேண்டும் என்பதால் நான் கேட்கவில்லை.

பதில் எழுதும்போது பள்ளியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வீட்டில் மழைநீர்த் தொட்டி உண்டா, சோலார் விளக்கு உண்டா, அவசரத்துக்கு வண்டி யார் கொடுப்பார்கள்? மூன்றாவதற்கு ஓர் ஆளின் பெயரைச் சொல்லி பதில் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் லேயில் கிடைக்கும், நம் ஊரிலிருந்து சுமந்து வரவேண்டாம். பருப்பும் புளியும் போர்ட் மோர்ஸ்பியில் வாங்கிக்கொள்ளுங்கள். தேங்காய்க்கு மட்டும் நாம் காத்திருக்க வேண்டும்.