பாதி வெட்டிய மரம், இரட்டிப்பான கூலி: கொடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். கொல்லையில் நாற்பது வருடத் தூங்குமூஞ்சி மரம். ஒரு பக்கம் கிளைகள் அடுத்த வீட்டு ஓட்டின் மேல் படர்ந்திருக்கின்றன, இன்னொரு பக்கம் மின்கம்பி. மரத்தை வெட்டி இறக்க ஒரு ஒப்பந்ததாரரிடம் கூலி ரூ.22,000, விறகும் அவருக்கே என்று வாய்ப்பேச்சாக முடித்து, 10,000 அட்வான்ஸ் கொடுத்தேன். இரண்டு நாள் கிளை கழித்ததில் பக்கத்து வீட்டு ஓடுகள் உடைந்தன. அவரிடம் வேலை செய்யும் ஒரு பையன் சறுக்கி விழுந்து கையில் அடி. இப்போது 45,000 கொடுத்தால்தான் மரத்தில் ஏறுவோம் என்கிறார். கொடுக்க வேண்டுமா? ஆளுக்கு ஏதாவது ஆனால் நான் பொறுப்பா?

பதில்: பணத்தை அப்புறம் பார்ப்போம். ஒரு பக்கம் கழித்த மரம், எடை சமமில்லாமல் நிற்கும். காற்றடித்தால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. அதன் அடியில் யாரையும் விடாதீர்கள். பக்கத்து வீட்டாரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, வேலை நடக்கும் நாளில் லைனை நிறுத்தச் சொல்லுங்கள். லைன் ஓடும்போது வெட்டச் சம்மதிக்கவே வேண்டாம்.

இனி கூலி. வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், சட்டப்படி செல்லும். அவர் மரத்தைப் பார்த்துவிட்டுத்தானே விலை சொன்னார்? ஓட்டு வீடும் கம்பியும் அன்றைக்கும் அங்கேதான் இருந்தன. கண்ணுக்குத் தெரிந்த சிரமத்தைக் காட்டிப் பாதியில் விலையை ஏற்ற அவருக்கு உரிமை இல்லை. உள்ளே பொந்து விழுந்திருந்தது, கதண்டு என்னும் விஷ வண்டின் கூடு இருந்தது என்றால் பேசிப் பார்ப்பது நியாயம். அவர் வர மறுத்தால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 39-ஆவது பிரிவின்படி ஒப்பந்தத்தை நீங்கள் முடித்துக்கொள்ளலாம். வேறு ஆளுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை 73-ஆவது பிரிவின்படி இவரிடம் கேட்கலாம். அதற்கு முன் ‘இத்தனை நாளுக்குள் வந்து முடியுங்கள்’ என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், ரூ.5 லட்சம் வரை கட்டணமே கிடையாது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வெட்டவெளியில் நிற்கும் மரம் என்றால் மரத்துக்காக அவரே உங்களுக்குப் பணம் தருவார். வீட்டுக்கும் கம்பிக்கும் நடுவே நிற்பதை அப்படிச் சாய்க்க முடியாது. மேலே ஒருவர் அறுக்க, கீழே நாலு பேர் கயிற்றைப் பிடித்துத் துண்டு துண்டாக இறக்க வேண்டும். அந்தக் கூலிக்கு விறகு ஈடாகாது. 22,000 என்று அவர் சொன்னபோதே ‘கயிறு கட்டி இறக்குவீர்களா, எத்தனை ஆள்?’ என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கும் கூடுதல் பணம் கயிற்றுக்கும் ஆளுக்கும்தான் என்று அவர் கணக்குக் காட்டினால், ஒரு பகுதியைக் கொடுத்து முடிப்பதுதான் என் யோசனை. சும்மா மிரட்டலுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

அந்தப் பையனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். விழுந்த விவரம் விபத்துப் பதிவேட்டில் ஏறட்டும், அவனுக்கு அதுதான் ஆதாரம். மரம் வெட்டும் வேலையை 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருந்தது. இப்போது 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. இழப்பீடு கொடுக்க வேண்டியவர் அவனை வேலைக்கு வைத்தவர். மரம் வெட்டுவது உங்கள் தொழில் இல்லை என்பதால் அந்தக் கடமை பொதுவாக உங்கள் மேல் வராது. ஆனால் ‘கயிறெல்லாம் வேண்டாம், இன்றைக்கே முடி’ என்று நீங்கள் அவசரப்படுத்தியிருந்தால் கதை வேறு. உயிரே போய்விட்டால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-இன்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. அந்த வழக்கில் உங்கள் பெயரும் சேரலாம்.

உடைந்த ஓட்டுக்கு நீங்களே முன்வந்து பணம் கொடுத்துவிடுங்கள். ஒப்பந்ததாரர் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டார் மனம் கசந்தால், விழும் நிலையில் உள்ள மரத்தை அகற்றச் சொல்லி, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆவது பிரிவின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

மறுபடி வேலை தொடங்கும் முன், ஒரு தாளில் மொத்தத் தொகை, ஆள் கணக்கு, கயிறு, லைன் நிறுத்தும் நாள், சேதத்துக்கு யார் பொறுப்பு, அடிமரத்தையும் எடுப்பாரா என்பதை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பாக்கிப் பணம், கடைசித் துண்டு தரைக்கு வந்த பிறகு.