வெளிநாட்டு உறவினர் வீட்டுக்குப் போனதும் குழந்தை நள்ளிரவில் விழித்துக்கொள்வது ஏன்?

கடல் கடந்து தாத்தா பாட்டியைப் பார்க்கப் போன முதல் இரவிலேயே, வீடே உறங்கும் 2 மணிக்குக் குழந்தை எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்பதும், மறுநாள் அத்தையும் சித்தப்பாவும் கொஞ்ச வரும் வேளையில் தட்டில் கைவைத்தபடியே தூங்கி விழுவதும், ஜெட் லேக் எனப்படும் நேரமாற்றச் சோர்வின் விளைவுகள்.

உறக்கம், பசி, உடல்வெப்பம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் உட்கடிகாரம் மூளைக்குள் இருக்கிறது. கண்ணில் படும் வெளிச்சமே அதற்குப் பொழுதை அறிவிக்கிறது. விமானம் ஒரே நாளில் பல நேர மண்டலங்களைத் தாண்டினாலும், இக்கடிகாரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மணி நேரம்தான் நகரும். அதன் இயல்பான சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டது என்பதால், பொழுதை முன்னுக்கு இழுக்கும் கிழக்குப் பயணமே பெரும்பாலும் கூடுதல் சிரமம் தருகிறது. சன்னலோரத் தொட்டிச்செடியைத் திருப்பி வைத்தால், இலைகள் மீண்டும் வெளிச்சத்தின் பக்கம் சாயச் சில நாட்கள் ஆகின்றன அல்லவா, அதுபோலத்தான்.

ஆகவே பகலில் வெளியே விளையாட விடுவதும், இரவில் விழித்தால் பளிச்சென்று விளக்கைப் போடாமல், கைபேசியைக் காட்டாமல், சிறிது உணவு கொடுத்து மீண்டும் படுக்கவைப்பதும் உதவும். முதல் சில நாட்களுக்கு விருந்தழைப்புகளைத் தள்ளிவைப்பதிலும் தவறில்லை (உறவினர் சிறிது முகம் சுளித்தாலும்).

விமானத்தில் விழிக்கவைத்தே கூட்டிச்சென்றால் போய்ச் சேர்ந்ததும் நன்றாகத் தூங்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் களைப்பு மட்டும் அந்தக் கடிகாரத்தை நகர்த்துவதில்லை, அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை இன்னும் மோசமாகத் தூங்குவதே வழக்கம்.